காலை ஆறு மணி வசனம்

இறந்துபோன அப்பாவிடமிருந்து வசனம் வந்தபோது, அவருக்குக் கடைசியாகப் போட்டுவிட வேண்டிய வெள்ளைச் சட்டைக்கு மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை, மணி சரியாக ஆறு. மேசைமேல் கிடந்த கைபேசி ஒருமுறை நடுங்கி அடங்கியது. எடுத்துப் பார்த்தாள். சபையின் காலைக் குழுவில் அப்பாவின் படம். அதன் பக்கத்தில், பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லும் ஒரு பைபிள் வசனம். கடைசியில் கூப்பிய இரண்டு கைகள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தீய்ந்த வாடை அடித்ததும் கணவன் உள்ளேயிருந்து ஓடிவந்து பெட்டியைத் தூக்கினான். சட்டையின் முதுகில் காபி நிறத்தில் ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

"விடு. முதுகுப் பக்கம்தானே. படுத்திருக்கும்போது யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் எப்போதும் இப்படித்தான் சரியாகச் சொல்வான். எந்தக் கஷ்டத்தையும் யார் கண்ணிலும் படாத பக்கத்துக்குத் திருப்பி வைத்துவிடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் கைபேசியை அவனிடம் நீட்டினாள். படித்தான்.

"இன்னும் அதை நிறுத்தலையா நீ?"

நிறுத்தவில்லை. நேற்று இருந்த இருப்பில் அது அவள் நினைவுக்கே வரவில்லை.

அப்பாவை நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கண்டார்கள். எழுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு, மகள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிஷ தூரத்தில் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். வந்து பார்த்த டாக்டர், உயிர் போய் இரண்டு நாளாகிறது, வெள்ளிக்கிழமை ராத்திரியாக இருக்கலாம் என்றார். ஆக, சனிக்கிழமை அவரால் யாருக்கும் வசனம் அனுப்பியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் முடியாது. இன்றைக்குச் சுத்தமாக முடியாது. ஆனால் மூன்று நாளும் ஆறு அடித்தால் ஆறுக்கு வசனம் வந்திருக்கிறது.

குழுவில் முதல் 'ஆமென்' யாரோ பழக்கதோஷத்தில் போட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். ஏழெட்டு ஆமென் விழுந்த பிறகுதான் ஒருவருக்குத் தூக்கம் கலைந்தது. பாடகர் குழுவை நடத்துகிற, எல்லாரும் 'பாட்டு அக்கா' என்று கூப்பிடுகிற அம்மாள் அவர். "ஐயோ, இது அவர் நம்பர்தானே? வீடு பூட்டிக் கிடக்கு, போன் உள்ளதான் இருக்கு. யார் அனுப்பினது?" என்று எழுதினார். பிறகு ஒவ்வொருவராக விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில், கேள்வி கேட்ட குழுவே பதிலும் கண்டுபிடித்துவிட்டது. அதிசயம். மரித்த பிறகும் மூன்று நாள் வசனம் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் என்பதைச் சிலர் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

மகள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அனுப்பியது யார் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் 'கதவு ஸ்தோத்திரம்' என்று பெயர். தனியாக இருக்கிற வயசாளிகளின் வீட்டுக்கு, தினமும் காலை ஆறு மணிக்குச் சபையிலிருந்து யாராவது ஒருவர் போவார். மூன்று தட்டுத் தட்டி, "ஸ்தோத்திரம்!" என்பார். உள்ளேயிருந்து "ஸ்தோத்திரம்!" என்று பதில் வரவேண்டும். வந்தால் போதும், தட்டியவர் தன் வழியே போய்விடலாம். உள்ளே போய் உட்காரக்கூடாது, காபி கேட்கக்கூடாது, முட்டிவலியை விசாரிக்கக்கூடாது. குரல் வந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் கதவைத் திறக்க அவரிடம் ஒரு சாவி இருக்கும்.

அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டியவர் ரொட்டிக்காரர். பேக்கரி வண்டி ஓட்டுகிறவர், அறுபத்தைந்து வயசு, பீப்பாய் மாதிரி உடம்பு. விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்புகிற மனிதர் என்பதால், போகிற வழியில் வண்டியை நிறுத்தித் தட்டிவிட்டுப் போவார். ஐந்து வருஷம் ஒருநாள் தவறியதில்லை. அப்பாவும் ஆறு மணிக்கு முன்னாலேயே முகம் கழுவித் தலை சீவி, கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்கு இத்தனை அலங்காரமா என்று மகள் கேலி செய்வாள்.

ஆனால் எல்லாரும் ரொட்டிக்காரர் இல்லையே. குளிருகிறது என்றார்கள், மழை என்றார்கள், நாய் துரத்துகிறது என்றார்கள். சபைக் குழுவின் செயலாளர் மகள்தான். போன வருஷம் ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து, எதற்கு இத்தனை பேர் இத்தனை சிரமப்படவேண்டும், கைபேசியில் ஒரு குழு போதுமே என்றாள். தனியாக இருக்கிறவர்கள் ஆறு மணிக்கு ஒரு வசனம் போடட்டும், ஏழு மணிக்குள் வராவிட்டால் மட்டும் யாராவது போய்ப் பார்க்கலாம். சொல்லி முடிப்பதற்குள் கை தட்டினார்கள். அவளுக்கு இந்த மாதிரி விஷயம் கைவந்த கலை. மெத்தை விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் அவள் மேலாளர். வருகிறவர்களை, "செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், அஞ்சு நிமிஷம் சும்மா படுத்துப் பாருங்க," என்பாள். படுத்தவர்களில் பாதிப்பேர் எழுந்திருக்க மனசில்லாமல் வாங்கிவிடுவார்கள். சபையையும் அவள் அப்படித்தான் படுக்கவைத்தாள். தப்பான எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆராதனையைக்கூட இப்போது பாதிச் சபை வீட்டிலிருந்துதான் பார்க்கிறது, அவளும் நேற்றுக் காலை கட்டிலில் சாய்ந்தபடிதான் பார்த்தாள்.

அப்பாவுக்குத்தான் கைபேசி படியவில்லை. லிப்டின் ஒயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற விரல்கள், அந்தச் சின்ன எழுத்துகளிடம் தோற்றுப்போயின. ஒருநாள் ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போதுதான் வசனம் வரும். ஒருநாள் அதை மகளுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, குழுவில் போட்டதாக நினைத்துக்கொள்வார். இரண்டு தடவை ஏழு மணி தாண்டி, ஆட்கள் பதறிப்போய் ஓடினார்கள். இரண்டாவது தடவை மகளே, இரவு உடுப்போடு, தலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். அப்பா குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஒரு மதியம் போய் அவர் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குறித்த நேரத்துக்குத் தானே செய்தி அனுப்புகிற செயலி ஒன்று இருக்கிறது, கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப அதைத்தான் வைத்திருந்தாள். ஒரு வருஷத்துக்கான வசனங்களை அதில் ஏற்றினாள். தினமும் ஆறு மணி. முடித்துவிட்டுக் கைபேசியைச் சமையலறை அலமாரிமேல் சார்ஜரில் செருகி வைத்தாள்.

"இனிமே நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்ப்பா. அது பாட்டுக்குப் போகும். இதை மட்டும் கழட்டிடாதீங்க."

"நான் ஒண்ணுமே பண்ண வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா. நிம்மதியா தூங்குங்க."

அப்பா அலமாரியையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "லிப்ட்ல உள்ள விளக்கு எரியுதுன்னா லிப்ட் ஓடுதுன்னு அர்த்தம் இல்லம்மா. விளக்குக்குத் தனி ஒயர். லிப்ட் பாதியில நின்னு, ஆள் மூச்சு முட்டிக் கிடப்பான், விளக்கு பாட்டுக்கு ஜோரா எரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

"அப்பா, நீங்க லிப்டும் இல்ல, இது விளக்கும் இல்ல."

"சரிம்மா மெத்தைக்காரி. உன் இஷ்டம்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கம் விடாமல் அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்த ரொட்டிக்காரரையும் அந்த வாரமே பார்த்து, "மாமா, அப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம், வசனம்தான் வந்துடுதே," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த ஏற்பாடு அவளையும் கணவனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இதில் அவளுக்கே இன்று விளங்காத ஒன்று உண்டு. இந்த ஏழு மாதமும் காலையில் அந்த வசனத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு ஆறியது. அப்பா எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். தானே எழுதித் தனக்கே போட்டுக்கொண்ட கடிதத்தைப் படித்துவிட்டு, ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்று திருப்திப்பட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆமென் போட்டுவிட்டுப் புரண்டு படுத்தாள்.

டாக்டர் நேற்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடமும் கணவனிடமும் மட்டும் ஒன்றைச் சொன்னார். "இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் வாக்கில விழுந்திருக்கணும். அதுக்கப்புறம் ஒரு நாளாவது உயிரோட இருந்திருக்கார். நாக்கு வறண்டு போயிருக்கு." பிறகு கட்டிலைத் திரும்பிப் பார்த்து, "இந்த இடுப்போட எப்படிக் கட்டில்ல ஏறிப் படுத்தார்னுதான் தெரியல," என்றார்.

ரொட்டிக்காரர்தான் முதலில் பார்த்தவர். நேற்று ஆராதனைக்கு அப்பா வரவில்லையே என்று, முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய் தன் பழைய சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். "கட்டில்லதான் இருந்தார்மா. தூங்குற மாதிரி. போர்வைகூட கலையல," என்று அழுதுகொண்டே சொன்னார். ஊரெல்லாம் அதையே சொல்லி அவளைத் தேற்றியது. கொடுத்து வைத்த சாவு. தூக்கத்திலேயே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அந்த வசனம் வராமல் இருந்திருந்தால், ஏழே கால் மணிக்குக் கதவு திறந்திருக்கும். அப்பா உயிரோடு இருந்திருப்பார். இந்த ஒரு கணக்கை அவள் நேற்றிலிருந்து எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வந்தது.

"யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்," என்றான் கணவன், வேறு சட்டைக்கு இஸ்திரி போட்டபடி. அவளைக் கிட்டே விடவில்லை. "அப்பா வீட்டுக்குப் போய் அந்தச் செயலியை அழிச்சுட்டு வந்துட்டேன். நாளையிலிருந்து வராது. சொன்னா அவர் திரும்பி வரப்போறாரா? அதிசயம்னு நம்புறாங்க. நம்பிட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

"அது பொய்."

"நாம சொல்லலையே. அவங்களாத்தானே சொல்றாங்க."

பத்து மணிக்குப் போதகர் வந்தார். நல்ல மனிதர், மெல்லப் பேசுவார், ஆனால் நல்ல கதை என்றால் அவருக்கு உயிர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அவள் கைமேல் கை வைத்தார்.

"அம்மா, எனக்கு நேத்து வரைக்கும் அடக்க ஆராதனையில என்ன பேசறதுன்னே தெரியல. இன்னைக்குக் காலையில கர்த்தரே கொடுத்துட்டார். மூணு நாள் வசனம் வந்ததைச் சொல்லலாம்னு இருக்கேன். நம்ம ஜனங்க சோர்ந்து கிடக்காங்க, அவங்களுக்கு இது பெரிய ஆறுதலா இருக்கும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

அவள் வாயைத் திறந்தாள். போதகரின் கண்களில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். கணவன் அவள் தோளை லேசாக அழுத்தினான்.

"உங்க இஷ்டம் பாஸ்டர்," என்றாள்.

அவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஜெபம் முழுக்க அவள் கண்ணை மூடவே இல்லை. ஆமென் சொன்னாளா என்பதும் அவளுக்கு நினைவில்லை. அப்படியொரு மரத்துப்போன நிலைமை.

மூன்றரை மணிக்கு ஆலயம் நிரம்பியது. ஒரு லிப்ட் மெக்கானிக்கின் சாவுக்கு அத்தனை கூட்டம் சேருவானேன்? அதிசயம் சேர்த்த கூட்டம். இத்தனை நாள் கட்டிலிலிருந்து ஆராதனை பார்த்தவர்கள்கூடக் குளித்து உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். வர முடியாதவர்களுக்காக ஒரு பெண் மூன்று கால் கேமராவோடு நடுவில் நின்றாள். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய திரை. அதில் ஆராதனையும், அதன் ஓரத்தில், வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் அனுப்புகிற சின்னச் சின்னச் சிவப்பு இதயங்களும் மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன.

பெட்டிக்குள் அப்பா, தீயாத சட்டையில், கொஞ்சம் அதிருப்தியான முகத்தோடு கிடந்தார். உயிரோடு இருக்கையில் புது லிப்ட் எதையாவது பார்த்தால் அந்த முகத்தைத்தான் வைத்துக்கொள்வார். மகளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்து, அது போகிற வழியில் அழுகையாக மாறியது.

ரொட்டிக்காரர் பக்கவாட்டு வாசலில் நின்றிருந்தார். மற்றவர்களைப் போல அவர் முகத்தில் பரவசம் இல்லை. அவள் கிட்டே போனதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"என்ன மாமா இது? நீங்க என்ன பண்ணீங்க?"

"வெள்ளிக்கிழமையும் அந்தத் தெரு வழியாத்தான் போனேன். தினமும் போறேனே. வாசல்கிட்ட வந்ததும் போனைப் பார்த்தேன், வசனம் வந்துடுச்சு. சரி, ஆள் நல்லா இருக்கார்னு வண்டியை நிறுத்தல. அன்னைக்கு ராத்திரியே போயிட்டார்னு டாக்டர் சொன்னாராமே. நான் காலையில இறங்கி ஒரு தட்டுத் தட்டியிருந்தா, மனுஷனுக்கு உடம்பு சரியில்லைன்னு கண்டுபிடிச்சிருப்பேன். அஞ்சு வருஷமா கேட்ட குரல்மா. குரல்லயே தெரிஞ்சிருக்கும்." பீப்பாய் உடம்பு குலுங்கியது. "எல்லாரும் அதிசயங்கிறாங்க. எனக்கு என்னவோ கர்த்தர் என்னைக் கேள்வி கேட்கிற மாதிரிதான் இருக்கு."

தான் ஏற்றி வைத்த பாரத்தை இந்த மனிதர் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் ஆர்கன் முழங்க, கணவன் வந்து அவளை முன்வரிசைக்குக் கூட்டிப்போனான்.

பாட்டு அக்கா பாடினார். நன்றாகவே பாடினார். போதகர் பிரசங்க மேடையில் ஏறி, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"பிரியமானவர்களே, நம்ம சகோதரர் வெள்ளிக்கிழமை இரவு, தன் படுக்கையிலே, எந்த வேதனையும் இல்லாம, தூக்கத்திலேயே கர்த்தருக்குள்ள போயிட்டார். ஆனா சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு..."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. திரையில் இதயங்கள் மடமடவென்று கிளம்பின.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கணவன் அவள் கையைப் பிடித்திருந்தான், அது நழுவியது மட்டும் தெரிந்தது.

"பாஸ்டர், நிறுத்துங்க."

போதகர் நிறுத்தினார். துக்கம் தாங்காமல் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"வசனம் அனுப்பினது அப்பா இல்ல. நான். ஏழு மாசத்துக்கு முன்னாடியே அவர் போன்ல ஏத்தி வச்சேன், தானா போற மாதிரி. ஒரு வருஷத்துக்கு. அவர் இருந்தாலும் போகும், இல்லாட்டியும் போகும். அவர் லேட் பண்றார்னு, எனக்குத் தொந்தரவா இருக்குன்னு பண்ணினேன்."

ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"அப்பா தூக்கத்துல போகல. வியாழக்கிழமை விழுந்துட்டார். இடுப்பு உடைஞ்சுடுச்சு. வெள்ளிக்கிழமை பூரா உயிரோட இருந்தார், தண்ணிகூட இல்லாம. டாக்டர் என்கிட்ட சொன்னார், நான் மறைச்சேன். வெள்ளிக்கிழமை நீங்க யாரும் போகாததுக்குக் காரணம் அந்த வசனம். நானும் அதைப் பார்த்தேன். நான் ஏத்தினதுன்னு தெரிஞ்சும் பார்த்தேன். ஆமென் போட்டேன்." பக்கவாட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா, நீங்க மன்னிப்புக் கேட்காதீங்க. உங்களைத் தட்ட வேண்டாம்னு சொன்னது நான்."

சொல்லி முடித்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு அக்கா, பாட்டுத் தாளை மார்போடு அணைத்தபடி வாயைப் பிளந்து நின்றார். திரையில் மட்டும் இதயங்கள் இன்னும் மிதந்து ஏறிக்கொண்டிருந்தன. வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒளிபரப்பு ஒரு நிமிஷத்துக்கு மேல் தாமதமாகப் போகும். அங்கே இன்னும் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் அந்தத் திரையையே பார்த்தார்கள், வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல். ஒன்று, இரண்டு, கடைசியாக ஒரு இதயம். பிறகு அதுவும் நின்றது. அந்தப் பெண் எட்டிக் கேமராவை அணைத்தாள்.

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். வியர்த்திருந்தார். "பரவாயில்லம்மா... நீங்க வேணும்னு பண்ணல... கர்த்தர் எல்லாத்தையும்..." என்று ஆறுதலுக்கு வார்த்தை தேடினார்.

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க பாஸ்டர்," என்றாள் மகள். கோபமில்லை, கெஞ்சுகிற குரல்தான். "இன்னைக்கு மட்டும் அதைச் சொல்லாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். பிரசங்கம் அதோடு முடிந்தது. ஆறு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. பாதிக் கூட்டம் வாசலோடு கரைந்துபோயிற்று. வந்தவர்களும் அவளிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார்கள். கணவன் தூரத்தில், யாருடனோ பேசுவது போல, யாரும் இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன்மேல் அவளுக்கு வருத்தம் வரவில்லை. இரண்டு நாள் முன்னால் அவளும் அங்கேதான் நின்றிருப்பாள்.

பெட்டி இறங்கியது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். தோட்டக்காரர்கள் இருவர் மண்வெட்டியால் தள்ள ஆரம்பித்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரொட்டிக்காரர் போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவளைப் பார்க்காமல், விழுகிற மண்ணைப் பார்த்தபடி பேசினார்.

"நீ உண்மையைச் சொல்லிட்ட. நான் இன்னும் சொல்லலம்மா."

"என்ன மாமா?"

"அவர் கட்டில்ல இல்ல."

அவள் திரும்பினாள்.

"நேத்து சாவியைப் போட்டுத் திறந்தா, கதவு நகரல. ஏதோ தடுத்துச்சு. மெதுவா தள்ளித் தள்ளித்தான் உள்ள போனேன். கதவுக்குப் பின்னாடி, தரையில கிடந்தார். குளியலறையிலிருந்து அதுவரைக்கும் கால் விரிப்பெல்லாம் சுருண்டு கிடந்துச்சு. அவ்வளவு தூரமும் இழுத்து இழுத்தே வந்திருக்கார். முகம் கதவுக்கு நேரா இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "உனக்கு அதைக் காட்ட எனக்கு மனசு வரல. தூக்கிக் கட்டில்ல போட்டு, போர்வையைப் போத்திட்டு, விரிப்பையெல்லாம் சரி பண்ணிட்டு, அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீயாவது நிம்மதியா இருப்பேன்னு பார்த்தேன்."

ஒவ்வொரு சொல்லாக அவளுக்குள் இறங்கியது. சமையலறை குளியலறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கைபேசி அங்கேதான், எட்டாத உயரத்தில், சார்ஜரில் இருந்தது. அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. கதவுக்கு வந்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள வந்து சேர்ந்திருப்பாரா மாமா?"

"தெரியலம்மா."

"உங்க வண்டி போனப்போ குரல் கொடுத்திருப்பாரா?"

மண்வெட்டிகள் சீராக இயங்கிக்கொண்டிருந்தன.

"அந்த வண்டி இன்ஜின் சத்தத்துல," என்றார் ரொட்டிக்காரர், "எனக்கு எதுவும் கேட்காதும்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவும் கிரீசும் ஏறிக் காய்ந்த, கனத்த கை. இருவரும் அப்படியே நின்றார்கள். தோட்டக்காரர்களில் ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி வைத்து, கொட்டகைக்குப் போய் நல்ல மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து அவள் பின்னால் போட்டார்.

"உட்காருங்கம்மா. இது முடிய இன்னும் நேரமாகும்."

அவள் தலையசைத்தாள், ஆனால் உட்காரவில்லை. ரொட்டிக்காரரும் உட்காரவில்லை. தோட்டக்காரர் கொஞ்சம் காத்துப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, அதையும் தன் தண்ணீர் பாட்டிலையும் அந்த நாற்காலிமேல் வைத்துவிட்டு, மண் தள்ளப் போனார்.